ஜிலேபிக் கெண்டையின் பிறந்தகம்

ஆறு, ஏரி, குளம், குட்டை, வாய்க்கால் என நன்னீர் நிற்கும் இடங்களிலெல்லாம் இன்று தமிழ்நாட்டில் காணப்படும் மீன் ஒன்று உண்டு. மக்கள் அதனை ஜிலேபிக் கெண்டை என்பர்; சில ஊர்களில் வெறும் ஜிலேபி என்றாலே விளங்கும். சர்க்கரைப் பாகிற்கும் இம்மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ‘திலாப்பியா’ என்னும் அயல்மொழிப் பெயர் சந்தைக்கு வந்து, வாய்க்கு வாய் மாறி, நமக்குப் பழக்கமான பலகாரத்தின் பெயரில் வந்து நின்றுவிட்டது, அவ்வளவே.

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டுப் பல மாநிலங்களில் குடியிருக்கும் நம் நேயர்கள், அங்காடியில் இம்மீனைக் கண்டதும் ‘நம் ஊர் மீன்’ என்று ஆவலோடு வாங்கிச் செல்வதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். அந்த ஆவலில் குறை காண்பது நம் நோக்கமன்று. எனினும், 1952-ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்திய நீர்நிலைகளில் இம்மீன் இருந்ததில்லை என்பது பலரும் அறியாத செய்தி. இதன் பிறந்தகம் ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஆறுகள். போன இடமெல்லாம் பெருகி நிற்கும் இம்மீன், தான் பிறந்த ஆறுகளில் இன்று அழிவை நோக்கிச் செல்கின்றது. இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

ஓர் ஆறு, மூன்று குடிகள்

ஆப்பிரிக்காவின் பேராறுகளுள் ஒன்று சாம்பசி. சாம்பியா நாட்டின் வடமேற்கு மூலையில் தோன்றி, 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மொசாம்பிக் நாட்டில் இந்துமாக்கடலோடு கலக்கின்றது. அது ஒரே சீராக ஓடும் ஆறன்று. நடுவில் விக்டோரியா அருவியாக ஏறத்தாழ 108 மீட்டர் ஆழத்திற்குப் பாய்கின்றது. பின்னும் கீழே சென்று, கஹோரா பாசா என்னும் பாறை இடுக்கில் நுரைத்துச் சுழன்று, அதன் பின்னரே சமவெளியைக் காண்கின்றது.

மனிதனுக்கு அருவி ஒரு காட்சி. மீனுக்கோ அது மதில். கீழுள்ள மீன் மேலே ஏற இயலாது. ஆகவே ஒரே ஆற்றின் மூன்று பகுதிகளிலும், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையனவாயினும் தனித்தனியான திலாப்பியா இனங்கள் தோன்றின. விக்டோரியா அருவிக்கு மேலே மூன்று புள்ளிகளையுடைய இனம் ஒன்று. நடுப்பகுதியில் கரீபாத் திலாப்பியா எனப்படும் இனம் ஒன்று. கஹோரா பாசாவுக்குக் கீழே, கடல் வரையில் மொசாம்பிக் திலாப்பியா. இந்த மூன்றாம் இனமே நம் ஜிலேபிக் கெண்டை. சாம்பசியின் கீழ்ப்பகுதி, அதனோடு கலக்கும் ஷீரே ஆற்றின் கீழ்ப்பகுதி, லிம்போப்போ ஆறு, அங்கிருந்து தெற்கே தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோர ஆறுகள் ஆகியவை இதன் இயற்கையான இருப்பிடங்கள்.

இதனை முதன்முதலில் அறிவுலகிற்கு விவரித்தவர் வில்லெம் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானியர். பின்னாளில் பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய இவர், 1840-களில் மொசாம்பிக் நாட்டில் பல ஆண்டுகள் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தார். சாம்பசிக் கரையிலுள்ள தேத்தே முதலிய இடங்களில் கிடைத்த இம்மீனுக்கு 1852-ஆம் ஆண்டு மொசாம்பிக்கின் பெயரையே சூட்டினார்.

‘திலாப்பியா’ என்பதோ இன்னும் சற்று முற்பட்ட பெயர். ஆண்டுரூ ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1840-இல் அதனை வழங்கினார். தென் ஆப்பிரிக்காவின் சுவானா மொழியில் ‘தியாப்பே’ என்றால் மீன். அச்சொல்லுக்கு லத்தீன் உடை அணிவித்தார். அது திலாப்பியா ஆயிற்று. ஆக, சுவானா மக்களின் ‘மீன்’ என்னும் சொல், லத்தீனாகி, ஆங்கிலமாகி, கடைசியில் தமிழரின் ஜிலேபியாகியிருக்கின்றது.

உருவும் உறவும்

இம்மீன் சிக்ளிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான மீன்களுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நாசித் துளைகள் இரண்டிரண்டு இருக்கும். இக்குடும்பத்தில் பக்கத்திற்கு ஒன்றே. உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு நடுவில் அறுந்து, சற்றுக் கீழே மீண்டும் தொடங்கும். தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கும்; வாயால் பற்றிய இரையை அது அரைத்து உள்ளே தள்ளும்.

இக்குடும்பத்தார் நம் நாட்டிற்கு முற்றிலும் அந்நியர் அல்லர். கேரளத்தார் போற்றி உண்ணும் கரிமீன் ஒரு சிக்ளிட்டே. இந்தியாவுக்கே உரிய சிக்ளிட் மீன்கள் மூன்றே மூன்று. கரிமீன் அவற்றுள் பெரியது. அதன் மிக நெருங்கிய உறவினர் மடகாஸ்கர் தீவில் உள்ளனர். எனவே ஜிலேபிக் கெண்டைக்கும் கரிமீனுக்கும் உறவு உண்டெனினும், அது மிகத் தூரத்து உறவு.

சாதாரண நாட்களில் ஜிலேபிக் கெண்டை வெள்ளி கலந்த சாம்பல் நிறமும், விலாவில் சில கருந்திட்டுகளும் கொண்டு, கண்ணைக் கவராத தோற்றத்துடன் இருக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் மீனைக் கண்டால் வேறு மீனோ என்று ஐயுறத் தோன்றும். உடல் முழுதும் கறுக்கும். கன்னமும் தொண்டையும் வெளுக்கும். முதுகுத் துடுப்பின் ஓரமும் வால் துடுப்பின் ஓரமும் சிவக்கும். தாடைகள் பெருத்து முகமே மாறிவிடும்.

வாயே தொட்டில்

வெயிற்காலம் வந்து நீர் சூடேறியதும் ஆண் மீன்கள் ஆழமற்ற மணற்பாங்கான கரைப்பகுதிக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் வாயால் மணலை அள்ளி அள்ளி அப்பால் உமிழ்ந்து, வட்டமான குழி ஒன்றைத் தோண்டுகின்றது. பல ஆண்களின் குழிகள் அடுத்தடுத்து அமைவதால் அவ்விடம் ஒரு சந்தை போலக் காட்சியளிக்கும். எல்லைத் தகராறு ஓயாது. ஒன்றை ஒன்று நேர்நோக்கித் துடுப்புகளை விரித்து மிரட்டும். அதற்கும் அஞ்சாவிடில் வாயோடு வாய் பற்றி இழுக்கும்.

இந்த மிரட்டலில் கண்ணுக்குத் தெரியாத கருவி ஒன்றும் உண்டென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வலிமை மிக்க ஆண், தன் சிறுநீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, எதிரி நெருங்கும்போதும் பெண் நெருங்கும்போதும் சிறிது சிறிதாக வெளியிடுகின்றது. அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் எதிரிக்கு எச்சரிக்கையாகவும், பெண்ணுக்கு அழைப்பாகவும் பயன்படுகின்றன. வலியவனின் மணமே அடிதடியைக் குறைத்துவிடுகின்றது எனலாம்.

பெண் மீன் ஒரு குழியைத் தேர்ந்து, அதனுள் இறங்கிச் சில முட்டைகளை இடுகின்றது. இட்ட மறுகணமே திரும்பி அவற்றை வாயில் எடுத்துக்கொள்கின்றது. ஆணின் விந்தையும் வாயாலேயே ஏற்கின்றது. இவ்வாறு சிறிது சிறிதாக இட்டும் எடுத்தும் முடித்தபின், வாய் நிறைந்த முட்டைகளோடு அவ்விடம் விட்டு அகன்றுவிடுகின்றது. சிறிய தாயின் வாயில் நூறு முட்டைகள் இருக்கலாம். பெரிய தாயின் வாயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கலாம். தந்தைக்கு இதன் பின் யாதொரு பொறுப்பும் இல்லை. அது மீண்டும் குழியைச் சீர்செய்து அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கும்.

தாயின் தவம் இங்கேதான் தொடங்குகின்றது. முட்டைகளை வாயில் ஓயாது புரட்டிக்கொண்டே இருக்கின்றது. அவற்றின்மீது புது நீர் படவும், பாசி பிடியாதிருக்கவும் இது உதவுகின்றது. மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. பொரிந்த குஞ்சுகள் உடனே வெளிவருவதில்லை. வயிற்றோடு ஒட்டிய மஞ்சட் கருவை உண்டு, வாய்க்குள்ளேயே வளர்கின்றன. முட்டையிட்ட நாளிலிருந்து பத்துப் பதினான்கு நாட்கள் கழிந்தே முதன்முறையாக வெளியே விடப்படுகின்றன. இந்நாட்களில் தாய் ஏறத்தாழ உண்பதே இல்லை. உடல் மெலிய, தொண்டை மட்டும் பருத்துத் தோன்றும்.

வெளியே வந்த பின்னும் சில நாட்களுக்குத் தாய் அண்மையிலேயே இருக்கும். ஆபத்து நேர்ந்தால் தலையைத் தாழ்த்தி மெல்லப் பின்வாங்கும். அக்குறிப்பறிந்து குஞ்சுகள் யாவும் விரைந்து வந்து வாய்க்குள் புகுந்துகொள்ளும். நம் வீட்டுக் கோழி சிறகை விரிப்பதும் இம்மீன் வாயைத் திறப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள். தாயை விட்டுப் பிரிந்த குஞ்சுகள் பெரிய மீன்கள் வரமுடியாத, கணுக்கால் அளவே நீருள்ள கரையோரங்களில் கூட்டமாக வளர்கின்றன.

பிள்ளை வளர்ப்பு முறையை வைத்தே இம்மீன்களை இனம் பிரித்தார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எத்தல்வின் திரேவாவாஸ் அம்மையார். நிலத்திலோ கல்லிலோ முட்டையிட்டுக் காப்பவை ஒரு பிரிவு. தாய் மட்டுமே வாயில் வைத்துக் காப்பவை வேறொரு பிரிவு. 1983-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பெருநூல் இப்பகுப்பை நிலைநாட்டிற்று. அதன்படி நம் மீனின் அறிவியற் பெயர் இன்று ‘ஓரியோகுரோமிஸ் மொசாம்பிக்கஸ்’. எனினும் உலகம் அதனைத் திலாப்பியா என்றே அழைத்துக்கொண்டிருக்கின்றது.

ஆறு கற்பித்த பாடம்

இவ்வளவு சிரமப்பட்டு வாயில் ஏன் வளர்க்க வேண்டும் என்னும் வினா எழலாம். விடை ஆற்றின் இயல்பிலேயே உள்ளது. மழைக்காலத்தில் கரைபுரண்டு வயல்வெளியெங்கும் பரவி, கோடையில் சுருங்கிக் குட்டைகளாகிவிடும் ஆற்றில், ஒரே இடத்தில் ஒட்டவைத்த முட்டை இன்று நீருக்குள்ளும் நாளை வெயிலிலும் இருக்கும். வாயிலிருக்கும் முட்டையோ தாய் செல்லும் இடமெல்லாம் செல்லும்.

உப்பைத் தாங்கும் ஆற்றலும் அவ்வாறு வந்ததே. கடலோர ஆறுகளின் கழிமுகத்தில் வெள்ளக் காலத்தில் நன்னீரும், வறட்சியில் கடல் நீரும் மாறி மாறி நிற்கும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தென் ஆப்பிரிக்காவின் செயின்ட் லூசியாக் கழிமுகத்தில் வறட்சிக் காலங்களில் நீர் வற்றி, உப்பு அதனைப் போல மூன்று மடங்காகும்போதும் இம்மீன் உயிரோடு இருக்கக் கண்டிருக்கின்றனர். செவுள்களிலுள்ள தனிப்பட்ட உயிரணுக்கள் மிகையான உப்பை வெளியேற்றிவிடுகின்றன. சற்றே பழக்கினால் கடல் நீரிலேயே இனம் பெருக்கவும் இதனால் முடியும்.

உணவிலும் இது பிடிவாதக்காரன் அன்று. பாசி, மக்கிய சேறு, புழு, பூச்சி, சிறு மீன் என எது கிடைப்பினும் உண்ணும். நெருக்கடியான இடத்தில் உடலை வளர்ப்பதை விட்டுவிட்டு, விரல் நீளத்திலேயே, இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல நீரில் ஒரு கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன், நெருக்கடியில் கைக்கடக்கமாகவே நின்றுபோவது இதனால்தான். குட்டை வற்றுமுன் அடுத்த தலைமுறையை உண்டாக்கிவிட வேண்டும் என்பது ஆறு அதற்குக் கற்பித்த பாடம். அதன் ஒரே பெரிய பலவீனம் குளிர். நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்தால் அது உயிர் பிழைப்பது அரிது.

இவ்வியல்புகளை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நேர்ந்த நன்மை தீமை அனைத்திற்கும் இவையே காரணம்.

அனுப்புநர் பெயரில்லாச் சரக்கு

1930-களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவின் கிழக்குப் பகுதியில், செராங் என்னும் சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில், முஜாயிர் என்னும் கிராமவாசி ஒருவர் அதுவரை கண்டிராத மீன்கள் சிலவற்றைப் பிடித்தார். குஞ்சுகளை வாயில் வைத்திருக்கும் அம்மீனைக் கண்டு வியந்து, தம் ஊருக்குக் கொண்டுபோய்க் குளத்தில் வளர்த்தார். ஆப்பிரிக்க ஆற்று மீன் ஜாவாவின் கழிமுகத்திற்கு யாரால், எந்தக் கப்பலில் வந்தது என்பதற்கு எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. அனுப்புநர் பெயரும் இல்லாத, பெறுநர் பெயரும் இல்லாத சரக்கு அது. வளர்த்தவர் பெயரே மீனுக்கு நிலைத்தது. இந்தோனேசியாவில் அதற்கு இன்றும் முஜாயிர் என்றே பெயர்.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது இம்மீன் தீவு தீவாகப் பரவிற்று. போர் முடிந்தபின் 1946-இல் வூ, குவோ என்னும் இருவர் சிங்கப்பூரிலிருந்து சில குஞ்சுகளைத் தைவானுக்குக் கொண்டுசென்றனர். அங்கு இருவர் குடும்பப் பெயரையும் சேர்த்து ‘வூ-குவோ மீன்’ என்று வழங்குகின்றனர். மீனைக் கொண்டுவந்தவர்க்கு இத்தகைய நன்றி வேறெங்கும் காட்டப்பட்டதாக நாம் அறியோம்.

1950-களில் உலகெங்கும் இது அதிசய மீன் எனப் போற்றப்பட்டது. குறைந்த செலவில் ஏழைக்குப் புரதச் சத்து அளிக்கும் என்பது அன்றைய நம்பிக்கை; அதில் உண்மையும் இருந்தது. இலங்கைக்கும், 1952-இல் இந்தியாவுக்கும் அவ்வாறே கொண்டுவரப்பட்டது. மண்டபத்திலிருந்த கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதன் வாழ்க்கையை ஆராய்ந்தனர். தென்னிந்தியாவின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் இது விடப்பட்டது.

இலங்கையில் விளைவு பெரிதும் நன்மையாயிற்று. பழங்கால அரசர் கட்டிய ஏரிகளில், ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில், இது செழித்துப் பெருகி, அதுவரை இல்லாத உள்நாட்டு மீன்பிடித் தொழிலையே உண்டாக்கியது. கடலிலிருந்து தொலைவிலுள்ள சிற்றூர் மக்களுக்கு மலிவான மீன் கிடைத்தது.

நம் நாட்டிலோ அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. வளர்ப்புக் குளங்களில் கட்டுக்கடங்காது பெருகி, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டது. கட்லா, ரோகு முதலிய கெண்டை இனங்களின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் மட்டுமன்று, இராசத்தானத்தின் ஜெய்சமந்து ஏரியிலும் இது புகுந்தபின் பிற மீன்கள் நலிந்தன. இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959-ஆம் ஆண்டு இதனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் மீன் வாய்க்கால் வழியே எங்கும் சென்றுவிட்டது. வாயில் பிள்ளையைச் சுமந்து செல்லும் உயிருக்குத் தடையாணையை யார் படித்துக் காட்டுவது?

பசிபிக் மாக்கடலின் நவுருத் தீவில் நேர்ந்தது இன்னும் துன்பமானது. அத்தீவினர் கடலிலிருந்து பால் மீன் குஞ்சுகளைப் பிடித்து வந்து, தீவின் நடுவிலுள்ள ஏரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தனர். 1960-களில் திலாப்பியா அங்கு கொண்டுவரப்பட்டது. பால் மீனின் உணவை அது பறித்துக்கொள்ள, அத்தீவினரின் பழைய வளர்ப்பு முறையே குலைந்தது.

பிறந்தகத்தில் நேர்ந்தது

இனி நாம் சாம்பசிக்கும் லிம்போப்போவுக்கும் திரும்ப வேண்டும். ஜிலேபிக் கெண்டை உலகைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், அதன் உறவினர் ஒருவர் அதன் சொந்த வீட்டிற்குள் புகுந்தார். அவர் நைல் திலாப்பியா. நைல் ஆற்றிலும் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் வாழும் இம்மீன் விரைவாகவும் பெரிதாகவும் வளர்வதால், வளர்ப்போர் அனைவரும் அதனையே விரும்பலாயினர். தென் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வளர்ப்பிற்காகக் கொண்டுவந்தனர். பண்ணையிலிருந்து தப்பியவை ஆற்றில் கலந்தன. 1990-களில் லிம்போப்போ ஆற்று நீர்ப்பரப்பில் அவை காணப்பட்டன. கரீபா ஏரியில் அவை பெருகப் பெருக, அவ்விடத்துக்கே உரிய கரீபாத் திலாப்பியா அருகிப்போயிற்று.

போட்டி மட்டும் இருந்தால் ஜிலேபிக் கெண்டை ஒருவாறு தாக்குப்பிடித்திருக்கும். கேடு விளைந்தது கலப்பினால். இவ்விரு இனங்களும் எளிதில் கூடி இனம் பெருக்கும். பிறக்கும் குஞ்சுகள் மலடல்ல. எனவே தலைமுறைதோறும் கலப்பு பெருகுகின்றது. பார்வைக்கு மொசாம்பிக் திலாப்பியா போலத் தோன்றும் மீன், மரபணுவை ஆராய்ந்தால் கலப்பினமாக இருக்கின்றது. அருவியும் பாறை இடுக்கும் தனித்தனியாகக் காத்து வைத்திருந்த குடிகளை மனிதன் சில பத்தாண்டுகளில் கலந்துவிட்டான்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், உலகிற்குப் பெருந்தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் ஜிலேபிக் கெண்டையின் பெயர் உண்டு. அதே ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்னும் தலைப்பின் கீழும் அதன் பெயர் உண்டு. ஒரே நீதிமன்றத்தில் ஒருவரே குற்றவாளியாகவும் முறையிடுபவராகவும் நிற்பது போன்றது இது.

‘நம் குளங்களில் கணக்கின்றிக் கிடக்கும் மீனுக்கு அழிவு ஏது? அங்கு குறைந்தால் இங்கிருந்து அனுப்பலாமே’ என்று கேட்கத் தோன்றும். அது ஆகாது. ஆசிய நாடுகளிலுள்ள ஜிலேபிக் கெண்டைகள் ஜாவாவில் கிடைத்த ஒரு சிலவற்றின் வழித்தோன்றல்கள். எண்ணிக்கையில் கோடியாயினும் மரபுச் செல்வத்தில் அவை ஒரு சிறு குடும்பமே. உப்பிலும் வறட்சியிலும் வெள்ளத்திலும் பிழைக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் பழகிய பலவகை மரபுகள், அந்தப் பிறந்த ஆறுகளில் மட்டுமே உள்ளன. நாளை உப்பேறிய நிலங்களில் மீன் வளர்க்க விரும்புவோர்க்கு வேண்டிய மூலதனமும் அதுவே. நைல் மீன் இன்னும் எட்டாத சில ஆறுகளில் கலப்பற்ற மீன்கள் எஞ்சியிருக்கின்றன; அவற்றைக் காப்பதே இன்று அங்குள்ள அறிஞரின் கவலை.

நமக்குரிய கடமை

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் சிலர் ‘வந்தேறி’ என்னும் சொல்லைக் காதால் கேட்டிருக்கலாம். இம்மீனையும் அச்சொல்லால் குறிப்பவர் உளர். மனிதரையும் மீனையும் ஒரே தராசில் நிறுத்துவதை நாம் ஏற்கவில்லை. மனிதர் எங்கு சென்றாலும் மனிதரோடே வாழ்கின்றனர். மொழி கற்கின்றனர், கொடுக்கின்றனர், கொள்கின்றனர். மீனுக்கு அவ்வகை அறிவு இல்லை. அது தன் இயல்புப்படி உண்டு பெருகும், அதனால் பிற மீன்கள் நலியும். அத்தீங்கு உண்மையே, மீனின் மீது இரக்கம் கொண்டு அதனை மறைப்பது முறையன்று. ஆயினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். அது தானாக வரவில்லை. மொசாம்பிக் மீனை இந்தியாவில் விட்டவரும் மனிதர். நைல் மீனை லிம்போப்போவில் நுழையவிட்டவரும் மனிதர். இரண்டு பட்டியல்களிலும் அதன் பெயரை எழுதிய கை ஒன்றே.

இன்று நம் சந்தைகளில் ஜிலேபி என்னும் பெயரில் வருவனவற்றுள் நைல் திலாப்பியாவும் மிகுதியாக உண்டு. அதன் மேம்படுத்திய வகையை விதிமுறைகளோடு வளர்க்க அரசு அனுமதி வழங்கியிருக்கின்றது. வாங்கும்போது வால் துடுப்பைப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் தெளிவாக இருப்பின் அது நைல் வகை. கோடுகளின்றி இருப்பின் பழைய ஜிலேபிக் கெண்டையாக இருக்கலாம். இரண்டும் உண்ணத்தக்கவையே.

உயிரோடு வாங்கிய எந்த மீனையும், அது எவ்வளவு அழகியதாயினும், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தது சலித்துப் போயினும், புண்ணியம் என்று கருதியாயினும், ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். ஒவ்வோர் ஆற்றிற்கும் அதற்கே உரிய குடிகள் உண்டு. நாம் குடியிருக்கும் ஊரின் ஆற்றில் எவை பண்டுதொட்டு வாழ்கின்றன என்பதை உள்ளூர் மீனவரிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கூறும் பெயர்களை எழுதி நமக்கு அனுப்பினால் இப்பகுதியில் மகிழ்வோடு வெளியிடுவோம்.

அடுத்த இதழில் கரிமீனைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறோம். அதன் வீட்டில் தந்தையும் பிள்ளை வளர்ப்பதால், அதனைப் படிக்க நம் சகோதரிகள் ஆவலோடு காத்திருப்பர் என்று நம்புகிறோம்.